தொர்கோய் என்று ஒருத்தி இல்லை

அக்-தெரெக் கிராமம்
9 நவம்பர் 1998

பெரியவர்களில் பெரியவரான துர்சுனாய் அக்காவுக்கு, தம்பி மனைவி தலைகுனிந்து எழுதுவது. இங்கே நான், பசு, கன்று, எட்டுக் கோழிகள் எல்லோரும் சுகம். ஒன்பதாவது கோழி மாமாவின் நாற்பதாம் நாள் விருந்தில் புண்ணியம் தேடிக்கொண்டது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? ரொட்டி ஆலையில் இன்னும் இரவு ஷிப்ட்தானா? விடுதிக் காவலாளி அம்மா சுகமா, அவருடைய பூனை சுகமா? ஓப் நதி உறைந்துவிட்டதா, அதையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஏழாம் நாளுக்கு வந்துபோனீர்களே, அப்போது பெட்டியில் இருந்த உயிலைப் போன மாதக் கடைசியில் நோட்டரியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்: "வீடும் பழத்தோட்டமும் என் மருமகள் தொர்கோய்க்கு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டரிக்குக் கலங்கவில்லை.

"பாஸ்போர்ட்டு?"

கொடுத்தேன்.

"இதுல புருல்சுன்னு போட்டிருக்கு. தொர்கோய் யாரு?"

"நான்தாங்க."

"ஆதாரம்?"

"தெருவுல நின்னு கூப்பிட்டுப் பாருங்க, நான் திரும்பலேன்னா கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த முதல் காலை நான் தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசியதைக் கேட்டு, "வீட்டுக்குள்ள வானம்பாடி புகுந்துடுச்சு" என்று மாமா வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருடம் அவர் வாயில் வேறு பெயர் வந்ததில்லை. உயிலை எழுதிய கிராம மன்றச் செயலர் ஜுமாஷிடம் சண்டைக்குப் போனேன். "அட, உனக்கு இன்னொரு பேரு வேற இருக்கா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்கிறார்.

ஆக, சட்டப்படி தொர்கோய் என்று ஒருத்தி இல்லை. அந்த இல்லாதவள் நான்தான் என்று மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புத் தரவேண்டும். மாமா போய் ஆறு மாதம் முடிவதற்குள், அதாவது மார்ச் இருபத்தேழுக்குள், தீர்ப்பை நோட்டரியிடம் கொடுக்க வேண்டும். தவறினால் உயில் செல்லாது. வீடு பெற்ற பிள்ளைகளுக்கு, அதாவது உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் போய்விடும். மருமகளுக்கு வாரிசுப் பட்டியலில் இடமே கிடையாதாம். அக்கா, இவள்தான் அவள் என்று இரண்டு வரி எழுதி, அங்கே ஒரு நோட்டரியின் முத்திரையோடு அனுப்புங்கள்.

மாமா நேற்றுக் கனவில் வந்தார். ஏரி நம் முற்றம் வரைக்கும் வந்திருந்தது. அவர் படகிலிருந்து இறங்காமலே கிண்ணத்தை நீட்டினார்; நான் தேநீர் ஊற்ற ஊற்ற அது நிறையவே இல்லை. காலையில் எழுந்ததும் எண்ணெய் காயவைத்து ரொட்டி பொரித்தேன். வாசனை அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நிச்சயம் போய்ச் சேர்ந்தது. ஏழு பேர் வந்துவிட்டார்கள்.

உங்கள் கைகளை முத்தமிட்டு,
தொர்கோய் (பாஸ்போர்ட்டில் புருல்சுன்)


நொவசிபிர்ஸ்க்
25 நவம்பர் 1998

அன்புள்ள தொர்கோய்க்கு,

நலமாக இருக்கிறேன். முட்டி பரவாயில்லை. காவலாளி அம்மா நலம், பூனையும் நலம். நதி உறைந்துவிட்டது.

பத்திரம் எழுதி அனுப்புகிறேன். இப்போது ஆலையில் ஆள் குறைவு. அப்பா பெயரைச் சேர்த்து, பால்தாபாய் மகளே என்று என்னைக் கூப்பிட இனி யார் இருக்கிறார்கள்?

வீட்டுக் கூரை எப்படி இருக்கிறது? தோட்டத்து வேலி நிற்கிறதா? மொத்தம் எத்தனை ஆப்பிள் மரம், எத்தனை ஆப்ரிகாட் மரம்? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

துர்சுனாய்


அக்-தெரெக்
14 டிசம்பர் 1998

துர்சுனாய் அக்காவுக்கு வணக்கம் பல. நீங்கள் சுகம் என்று எழுதிய காகிதத்தைப் பசுவுக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். கோழிகள் மட்டும் குளிருக்கு முட்டையிட மாட்டோம் என்று முடிவு செய்திருக்கின்றன.

மனுப் போட்டாயிற்று. அன்றைக்கு ஏரியிலிருந்து கிளம்பிய மூடுபனியில் சாலையே தெரியவில்லை. பேருந்து தரையைத் தொடாமல் போவதுபோல் இருந்தது. முன்சீட்டுக் கிழவர் இறங்கும்போது கதவைத் திறந்து பனிக்குள் காலை வைத்தார், அவ்வளவுதான், கரைந்துபோனார். செத்துப்போவது இவ்வளவு லேசான காரியமா என்று யோசித்துக்கொண்டே நீதிமன்ற வாசலில் இறங்கினேன்.

வாசலில் மனு அடித்துத் தருகிறவர் தட்டச்சுப்பொறிக்குக் கம்பளி போர்த்தியிருந்தார், தனக்குப் போர்த்தவில்லை.

"உயில் எழுதினவர் பேரு?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, மாமனார் பேரு தெரியாதா?"

"தெரியும். சொல்லக்கூடாது."

"சரி, எழுதிக் காட்டு."

"எழுதவும் கூடாது."

"எதாச்சும் ஜாடை காட்டும்மா, பின்னால பத்து பேரு நிக்கிறாங்க!"

விறகு வெட்டுவதுபோல் கையை ஓங்கிக் காட்டினேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நம் வீட்டில் கோடரியை நான் "அந்த வெட்டுறது" என்றுதானே சொல்வேன்; மாமாவின் பெயரில் முன்பாதி நம் மொழியில் கோடரிதானே. கடைசியில் துணைக்கு வந்திருந்த ஜுமாஷ்தான் எனக்கு வாயாக இருந்து பெயரைச் சொன்னார். ஊருக்கே கேட்கும்படி கத்தினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வேலி வடக்கே சாய்ந்திருக்கிறது, நான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். சில நாள் அது எனக்கு முட்டுக்கொடுக்கிறது. ஆப்பிள் பதினொன்று, ஆப்ரிகாட் பதினெட்டு. இவ்வளவு விவரத்தைக் குடியிருக்க வருகிறவர்கள் கேட்க மாட்டார்கள், வாங்க வருகிறவர்கள்தான் கேட்பார்கள் என்று ஜுமாஷ் சொன்னார். அவருக்கு எப்போதும் கோணல் புத்தி. நான் திட்டி அனுப்பிவிட்டேன்.

பத்திரம் இன்னும் வரவில்லை. பனியில் தபால் வண்டி நின்றிருக்கும்.

என்றும் உங்கள்
தொர்கோய்


அக்-தெரெக்
14 ஜனவரி 1999

துர்சுனாய் அக்காவுக்கு, புது வருடம் உங்களுக்கு இனிப்பாகப் பிறந்திருக்கட்டும். உங்கள் கடிதம் வரவில்லை. அதனால் நீங்கள் சுகம் என்று நானே எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி முதல் விசாரணை. நடைபாதையில் மூன்று மணி நேரம் காத்திருந்ததில் தூங்கிப்போனேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பிக்குள் பனி பெய்துகொண்டிருந்தது. "உங்க முறை எப்போ?" என்று கேட்டேன். "நான் சாட்சிம்மா, கடைசியாத்தான் கூப்பிடுவாங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பியூன் என் தோளைத் தட்டிவிட்டான்.

நீதிபதி ஒரு பெண், முப்பது வயது இருக்கும். குரல் மெல்லியது, கேள்வி மட்டும் கெட்டி. முதலில் ஜுமாஷைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? எங்க ஊரு வானொலியே இதுதானுங்களே."

"பேரு?"

"தொர்கோய்."

"பாஸ்போர்ட் பேரு?"

"அது போன அக்டோபர்லதான் எனக்கே தெரியும்."

"கிராமப் பதிவேட்டுல இவங்களைப் புருல்சுன்னு இருபது வருஷமா எழுதறது யாரு?"

"நான்தான்" என்றார் ஜுமாஷ். எங்கள் வழக்கு அங்கேயே பாதி செத்தது.

பிறகு என்னை எழுப்பினார். "மனுதாரரே, உயில் எழுதியவரின் பெயரை நீங்களே சொல்ல வேண்டும்." நான் தரையைப் பார்த்தேன். இரண்டாவது முறை கேட்டார். "இங்க நீங்க யாருக்கும் மருமகள் இல்லம்மா. மனுதாரர்." எனக்கும் அது புரிந்தது, அக்கா. நாக்குக்குத்தான் புரியவில்லை. "மனுதாரர் மௌனம்" என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். நான் மௌனமாக இருந்ததற்கு அரசாங்க ஆவணம் இருக்கிறது என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

மார்ச் இருபத்துநாலுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கெடுவுக்கு மூன்றே நாள் முன்னால். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரின் வாக்குமூலம் இல்லாமல் தீர்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் இருவருக்கும் அழைப்பாணை வரும். பயப்படாதீர்கள், அது வெறும் காகிதம்தான்.

அக்கா, முட்டிவலிக்கு ஆட்டுக் கொழுப்பு தடவுகிறீர்களா?

தொர்கோய்


நொவசிபிர்ஸ்க்
8 பிப்ரவரி 1999

தொர்கோய்க்கு,

நலம். அழைப்பாணை வந்தது. தம்பி குபாத்துக்கும் வந்தது.

ஆறு வருடமாக நீ எழுதும் கடிதங்களில் பூனையை விசாரிக்கிறாய், நதியை விசாரிக்கிறாய். உன் புருஷன் எப்படி இருக்கிறான் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நதிக்கு அந்தக் கரையில் இருக்கிறான். யாரோடு இருக்கிறான் என்பது உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

கூரையையும் மரங்களையும் பற்றி அவன்தான் கேட்கச் சொன்னான். ஜுமாஷைத் திட்டியிருக்க வேண்டாம். வாங்க ஆள் பார்த்துவிட்டானாம். "நீ பொய் சொல்ல வேணாம்க்கா. ஒண்ணும் எழுதாம சும்மா இரு, அது போதும். மார்ச் முடிஞ்சா ஆளுக்குப் பாதி" என்கிறான். சும்மா இருப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயதாகிறது. பதினாறு வருடமாக ஒரே கட்டில், ஒரே அலமாரி, நான்கு பேருக்கு ஒரு ஜன்னல்.

அப்பா உன் கனவில் வருகிறார். என் கனவில் ஒருநாள்கூட வரவில்லை.

துர்சுனாய்


அக்-தெரெக்
22 பிப்ரவரி 1999

துர்சுனாய் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் சுகம் விசாரிக்க வேண்டும்: சுகமா?

வேடிக்கையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அடுப்பு நன்றாக எரிந்தது.

இது உங்கள் அப்பா வீடு. நீங்கள் பிறந்தது அந்த ஜன்னலோர அறையில். நான் வாழ வந்தவள், அதுவும் பிள்ளை பெறாதவள். என் அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி எனக்கு ஒரு மூலை ஒதுக்குவாள், அந்த மூலையைப் பற்றிப் பத்து வீட்டில் பேசுவாள். அதனால் இந்த வீடு எனக்கு வேண்டும். வேண்டாம் என்று நடிக்க எனக்கு வரவில்லை.

உங்களுக்கும் வேண்டும் என்றால் நேரே கேளுங்கள், அக்கா. முற்றத்தில் உட்கார்ந்து சண்டை போடுவோம், நடுவில் தேநீர் குடிப்போம். கேட்டு வாங்குங்கள். ஆனால் நான் பிறக்கவே இல்லை என்று வைத்து வாங்காதீர்கள். கடைசி ஒன்பது மாதம் உங்கள் அப்பா எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு பெயரைத்தான் கூப்பிட்டார். அந்தப் பெயரில் ஒருத்தி இல்லை என்றால் அவருக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?

குளிரில் வெறும் காலோடு நிற்காதீர்கள்.

புருல்சுன்


நொவசிபிர்ஸ்க்
8 மார்ச் 1999

அன்புள்ள தொர்கோய்,

புருல்சுன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். யாரோ தெரியாதவள் எழுதியதுபோல் இருந்தது. இனிமேல் அப்படிப் போடாதே.

இத்துடன் வாக்குமூலம், முத்திரையோடு. நகல் நீதிமன்றத்துக்குத் தனியாகப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. அதில் எழுதியிருப்பது:

"பால்தாபாயின் மகள் துர்சுனாய் ஆகிய நான் அறிவிப்பது. என் தந்தையின் உயிலில் உள்ள தொர்கோய், என் தம்பி குபாத்தின் மனைவி புருல்சுன்தான். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் என் தந்தை. அவள் வந்த பிறகு அவர் எனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. கடிதங்கள் நாற்பத்தொன்று, இணைத்திருக்கிறேன். படித்த பிறகு திருப்பித் தரவும்."

நோட்டரி கையெழுத்துக் கேட்டபோது, இது வீட்டில் பாதியை விட்டுக்கொடுப்பது என்று உங்களுக்குத் தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன்.

குபாத்திடம் சொல்லிவிட்டேன். கத்தினான். இருபதாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான். அங்கேதான் வருகிறான், விசாரணைக்கு. என்ன சொல்லப்போகிறான் என்று தெரியவில்லை.

நான் நலம்.

துர்சுனாய்


அக்-தெரெக்
26 மார்ச் 1999

துர்சுனாய் அக்காவுக்குத் தலைவணங்கி, சுகம் விசாரித்து, நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாயால் இனி ஒரு நிமிடம் தாங்க முடியாது.

இருபத்துநாலாம் தேதி காலையிலும் அதே மூடுபனி. நீதிமன்றப் படியில் ஒருவர் நின்றிருந்தார். பனிக்குள் தொப்பியும் தோளும் மட்டும் தெரிந்தன. மாமா பகலிலேயே வந்துவிட்டாரே என்று நினைத்து, "உள்ள வந்து உக்காருங்க, குளிருது" என்று சொல்லிவிட்டேன். கிட்டே போனால் அவருடைய மகன். ஆறு வருடத்தில் அப்பா ஜாடை வந்திருக்கிறது. நான் அவரைத் தாண்டிப் படியேறினேன். குளிருகிறது என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, வேறு சொல்ல என்ன இருக்கிறது?

உங்கள் வாக்குமூலத்தை நீதிபதி அம்மா வாசித்தார். மாமாவின் கடிதங்களில் இரண்டைச் சத்தமாகப் படித்தார். ஒன்றில் "தொர்கோய் இன்றைக்கும் கஞ்சியைத் தீய்த்துவிட்டாள், ஆனால் எப்படித் தீய்ந்தது என்பதை அருமையாகச் சொன்னாள்" என்று இருந்தது. நீதிமன்றமே சிரித்தது. இப்போது அது பதிவாகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது.

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள்.

"தொர்கோய் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு புருல்சுன்னு ஒரு பெண்டாட்டிதான். தொர்கோய்னு யாரையும் தெரியாது."

ஜுமாஷ் பின்வரிசையிலிருந்து, "அடப் பாவி, உன் கல்யாண நாளன்னிக்கே..." என்று எழுந்தார். உட்கார வைத்தார்கள்.

நீதிபதி அம்மா கோபப்படவில்லை. "சரி. உங்க அப்பாவைக் கடைசிக் காலத்துல பாத்துக்கிட்டது யாரு?"

"என் பெண்டாட்டி."

"அவங்களை உங்க அப்பா எப்படிக் கூப்பிடுவார்?"

அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், அக்கா. செத்துப்போன அப்பா சொன்னதை மாற்றிச் சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு வராது. எழுத்தர் "மௌனம்" என்று எழுதத் தொடங்கியதைப் பார்த்தேன். எழுதி முடிக்கும்முன் அவர் சொல்லிவிட்டார்:

"தொர்கோய்னுதான். ஒரு நாளைக்கு நூறு தடவை. என்னைக் கூப்பிட்டதவிட அதிகமா."

அடுத்து நான். "மனுதாரரே, மூணாவது தடவை கேக்கறேன். உயில் எழுதினவர் பேரு?"

அக்காவும் தம்பியுமாக, நீங்கள் காகிதத்திலும் அவர் வாயாலும், வராத சொல்லை எனக்காக வரவழைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். நான் மட்டும் சுவரைப் பார்த்து நின்றால் நன்றாகவா இருக்கும்? சொன்னேன். இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழுப் பெயரையும் சொன்னேன். கூரை விழும் என்று நினைத்தேன், விழவில்லை. இருபத்திரண்டு வருடமாக வாயில் அடைத்துவைத்திருந்தது, வெளியே வந்தபோது சின்னதாக, வெதுவெதுப்பாக, கையில் ஏந்தக்கூடியதாக இருந்தது. இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும்.

தீர்ப்பு என் பக்கம். மறுநாளே நோட்டரி வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "வாங்க தொர்கோய்" என்றார். மனுஷன் அவருக்குள்ளும் இருந்திருக்கிறான்.

உங்கள் தம்பி வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்று தேநீர் குடித்தார். "கல்லறை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். அங்கே போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். மாலைப் பேருந்தில் போய்விட்டார். அங்கே வந்து சேர்ந்தாரா? இருமல் இருந்தது. சுகமாக இருக்கிறாரா?

கடைசியில் கேட்டுவிட்டேன், பாருங்கள்.

தொர்கோய்


நொவசிபிர்ஸ்க்
15 ஏப்ரல் 1999

அன்புள்ள தொர்கோய்,

கடிதத்தை ஆலையில் வைத்துப் படித்தேன். கஞ்சி விஷயத்தை எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். குபாத் வந்து சேர்ந்தான். இருமல் குறைந்திருக்கிறது. என்னோடு இன்னும் பேசவில்லை, ஆனால் ஒரு மீன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

இனி கடிதங்களை ஆலை முகவரிக்கு எழுது. விடுதி அறையை மார்ச் கடைசியோடு ஒப்படைப்பதாக ஜனவரியிலேயே எழுதிக்கொடுத்துவிட்டேன். பாதி வீடு வந்துவிடும், ஊர் திரும்பிவிடலாம் என்று அப்போது ஓர் அவசரம். அது என் முட்டாள்தனம், உன் தவறில்லை. மாவுக் கிடங்கில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அடுப்புச் சுவர் பக்கம், கதகதப்பாக இருக்கிறது. பூனையும் என்னோடு வந்துவிட்டது.

நேற்று அப்பா கனவில் வந்தார். மாவு மூட்டைகளை எண்ணிவிட்டுப் போனார்.

நான் நலம்.

துர்சுனாய்


அக்-தெரெக்
3 மே 1999

துர்சுனாய் அக்காவுக்கு,

நீங்கள் எழுதும் 'நலம்' என்ற சொல்லை இனி நோட்டரி முத்திரை இல்லாமல் ஏற்பதாக இல்லை.

ஆப்ரிகாட் பூத்து முடிந்தது, இப்போது ஆப்பிள் முறை. காலையில் ஏரியும் வானமும் தோட்டமும் ஒரே வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று பசுவுக்கே குழப்பம். கூரையின் ஒழுகல் ஒன்றை அடைத்துவிட்டேன். இன்னொன்று ஜன்னலோர அறையில் இருக்கிறது. அது உங்கள் அறை, நீங்கள் வந்து அடைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஜுமாஷிடம் போய்க் கிராமப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னேன். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் என் பெயர், இரண்டு பெயரும். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னேன்.

"யாரு?"

"துர்சுனாய்."

"தலைவருக்கு என்ன உறவு? புருஷனோட அக்கானு போடவா?"

"வெறும் அக்கானு போடுங்க."

"அவங்க சம்மதம் வேணாமா?"

"நீங்க எழுதுங்க, சண்டைய நான் பாத்துக்கறேன்."

எழுதியாயிற்று, முத்திரையும் விழுந்தது. நீங்கள் இப்போது இந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள். உடம்பு மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை. பெயரை எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதவைத்துப் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். ஜுமாஷை நம்ப முடியாது.

ஆட்சேபணை இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆனால் நேரில்தான் வரவேண்டும்.

வழியைப் பார்த்திருக்கும்
தொர்கோய்